அழுகை கேட்காத இல்லம்

நம் பாட்டன்மாருக்குப் பாட்டன்மாரும் பிறக்காத காலத்தில், கருவாறு கடலைத் தொடும் நாட்டை அதிராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் சத்தம் அவனுக்கு ஆகவே ஆகாது. மதியத் தூக்கத்தைக் கெடுத்தன என்று அரண்மனை மயில்களையெல்லாம் காட்டுக்குத் துரத்தியவன். அவன் அரியணை ஏறும்போது முரசு முழங்க வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. அதை மாற்ற அஞ்சி, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் கொலுவுக்கு வருவான்.

ஒரு மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்தது. தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்காக அரசன் தலைநகரில் ஓர் இல்லம் கட்டி, வில்லவராயர் என்ற பிரபுவிடம் ஒப்படைத்தான். அதை மேற்பார்க்க ஊர்ச்சபையும் இருந்தது. ஆனால் சபையார் என்றைக்கு வரலாம் என்று நாள் குறிப்பவரும் வில்லவராயரே. அன்று தூண்தோறும் வாழைமரம் கட்டுவார்கள். சபையார் பாயசம் குடித்துவிட்டு, "மிக நன்று" என்று சொல்லிப் போவார்கள். பாயசத்தைச் சொன்னார்களோ, இல்லத்தைச் சொன்னார்களோ!

ஒருமுறை அமைச்சர் நன்னியாரும் அவர்களோடு போனார். முற்றத்தில் பூவை என்ற சின்னஞ்சிறு பெண் கற்படியில் தடுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. எழுந்து, பாவாடையால் துடைத்துக்கொண்டு, வரிசையில் போய் நின்றாள்.

"பார்த்தீரா அமைச்சரே, என்ன அடக்கம்! என் வளர்ப்பு!" என்றார் வில்லவராயர்.

அமைச்சர் பாயசக் கிண்ணத்தைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

மறுநாள் கொலுவில் வில்லவராயர் எழுந்தார். "அரசே, என் இல்லத்தின் பக்கம் வந்து பாருங்கள். அழுகைச் சத்தமே கேட்காது!"

அரசன் உருகிவிட்டான். "அப்படியா! நாட்டில் ஆதரவற்ற பிள்ளைகள் எங்கெங்கு இருக்கிறார்களோ, அத்தனை பேரையும் இனி நீரே வைத்துக்கொள்ளும்."

"பொறுத்தருள வேண்டும்," என்றார் நன்னியார். "அந்த இல்லம் நலமாக இல்லை."

"பட்டினி போடுகிறாரா?"

"இல்லை."

"அடிக்கிறாரா?"

"அப்படியும் தெரியவில்லை."

"பின்னே என்னய்யா குறை?"

"பிள்ளைகள் அழவில்லை, அரசே."

சபை கொல்லென்று சிரித்தது. "அமைச்சருக்கு வயதாகிவிட்டது," என்றார் வில்லவராயர். "பிள்ளை அழுதாலும் குற்றம், அழாவிட்டாலும் குற்றமா?"

அரசனுக்குக் கோபம் வந்தது. "வரும் பௌர்ணமிக் கொலுவில் நிரூபியும். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். பிள்ளைகள் வில்லவராயருக்கே."

"அப்படியே ஆகட்டும். அன்று பிரபுக்கள் வீட்டுக் குழந்தைகளும் சபைக்கு வரட்டும். அரசர் கடைசியில் வரவேண்டும். அன்றைக்கு மட்டும் காதில் பஞ்சு வேண்டாம்."

பௌர்ணமியன்று இல்லத்துப் பிள்ளைகளையும் பிரபுக்களின் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பட்டு உடுத்தி, சபை நடுவே கலந்து உட்கார வைத்தார்கள். கையில் ஆளுக்கொரு மரப்பாச்சி. தாய்மார் தூணோரம் நின்றார்கள். இளவரசியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அமைச்சர் எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்தார். 'மன்னித்துவிடுங்கள் கண்ணுகளா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அரசன் அரியணையில் ஏறினான். முரசு இடிபோல் முழங்கியது.

வீல் என்று ஓர் அலறல்! குழந்தைகள் மரப்பாச்சியைப் போட்டுவிட்டு நாலாபக்கமும் ஓடினார்கள். இளவரசி அரியணைப் படியேறி அப்பன் மடியில் முகம் புதைத்தாள். வில்லவராயரின் மகன் அவர் தோளில் தொற்றிக்கொண்டு, தலைப்பாகையைக் கீழே இழுத்துப் போட்டான்.

அலறல் அடங்கியபோது சபை நடுவே சில பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. பூவை இரண்டு கைகளாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தாள்.

"இவர்களுக்குப் பயமில்லையா?" என்றான் அரசன் மெதுவாக.

"அந்தக் கைகள் நடுங்குவதைப் பாருங்கள்," என்றார் நன்னியார்.

"பின் ஏன் அழவில்லை?"

"அழுதால் யாராவது வருவார்கள் என்று நம்புகிற பிள்ளைதான் அழும், அரசே. இவர்களும் முதலில் அழுதிருப்பார்கள். யாரும் வரவில்லை. விட்டுவிட்டார்கள்."

"சோறு போட்டேன்! துணி கொடுத்தேன்!" என்று கத்தினார் வில்லவராயர்.

"உம் தோளில் இருப்பவன் சோற்றுக்காகவா ஓடி வந்தான்?" என்றான் அரசன்.

அவன் இறங்கி வந்து பூவையிடம் கையை நீட்டினான். அவள் வரவில்லை. நாடாளும் கை அப்படியே காற்றில் நின்றது. அமைச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வில்லவராயரின் பட்டம் பறிபோனது. உடைந்த ஆற்றங்கரையில் கற்குவியலைக் காக்கும் வேலைக்கு அவரை அனுப்பினான் அரசன். "கல் அழாது. உமக்குப் பொருத்தமான இடம்," என்றான்.

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி நன்னியாரிடம் நீட்டினான்.

"இது வேண்டாம் அரசே. ஊர்ச்சபை எந்த நேரத்திலும் சொல்லாமல் அந்த இல்லத்துக்குள் போகலாம் என்று ஆணையிடுங்கள். பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் மாறாத ஒரு தாயை அமர்த்துங்கள். அது போதும்."

ஆணை பிறந்தது. மழை வந்தது, போனது. இல்லம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சபையார் போனார்கள், குறை சொன்னார்கள், மறுபடி போனார்கள்.

ஒருநாள் சபைத் தலைவர் மூச்சுவாங்க ஓடிவந்தார். "அரசே, இல்லத்தில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை! பிள்ளைகளுக்குத் தாயாக அமர்த்திய வள்ளியம்மை சந்தைக்குப் போனாளாம். அவள் வந்தால்தான் ஆச்சு என்று அந்தப் பூவை புரண்டு அழுகிறாள்."

அரசன் அமைச்சரைப் பார்த்தான். நன்னியார் விடைபெற்று நடந்தார்.

தெரு முனையிலேயே கேட்டது. அவர் உள்ளே போகவில்லை. கூடையோடு வள்ளியம்மை, "இதோ வந்துட்டேண்டி, வந்துட்டேன்" என்று கூவியபடி ஓடிக் கதவைத் திறக்கும் வரை, சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.