சேற்று அடுக்கு

மரியதங்கம் ஐம்பத்தோராவது வயதில் மாணவியானாள். அதற்கு முன் இருபத்தாறு வருடம் உயிரியல் டீச்சர். கணவர் ரோச் இறந்தார். மகள் தோகாவில் குடியேறினாள். இவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கடலோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தாள். வழிகாட்டியாக வந்த ஹசீனா இவளைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் இவளை ‘அக்கா’ என்பார். இவள் அவரை ‘மேடம்’ என்பாள்.

கடற்கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே ஒரு குழி தோண்டி, சாண் சாணாக மண் எடுத்து வைத்திருந்தார்கள். பல ஆயிரம் வருடங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்த மண்ணைச் சலித்து மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஓடுகளைப் பொறுக்க வேண்டும். மணலோடு மணலாகக் கிடக்கும் ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள். எந்த அடுக்கில் எந்த ஓடு என்று தெரிந்தால், அன்றைக்கு அங்கே எப்படிப்பட்ட கடல் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

குழியின் அடியில் பவளப்பாறை. அதைச் சுற்றி நட்சத்திர வடிவ ஓடுகள் கொட்டிக் கிடந்தன. தெளிந்த நீரும் வெயிலும் இல்லாத இடத்தில் அவை வாழா. அதற்கு மேலே கருஞ்சேறு. அதில் அதுவரை ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை.

பதினோரு மாதம் தனியாகப் பொறுக்கினாள். மதியச் சோற்றையும் அந்த மேசையிலேயே சாப்பிட்டாள். சாயங்காலம் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டும்போதுதான், இன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது உறைக்கும்.

ஒருநாள் காலை சேற்றின் மேல்பகுதியில் ஒரு நட்சத்திரம் கண்ணில் பட்டது. பிறகு இன்னொன்று. மதியத்துக்குள் நாற்பது.

ஹசீனா அப்போது ஆய்வுக் கப்பலில் இருந்தார்; போன் கிடைக்கவில்லை. கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்ப அன்றுதான் கடைசி நாள். ‘மீண்டு வந்த பவளத்திட்டு’ என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டாள். மகளுக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசினாள்.

ஹசீனா திரும்பி வந்ததும் வாசலிலேயே சொன்னாள்.

“மேடம், பவளத்திட்டு திரும்ப வந்திருக்கு!”

“அப்படியா? முள்ளைப் பாத்தீங்களா?”

“முள்ளா?”

“நட்சத்திரத்தோட முள்ளு. அதை மட்டும் ஒரு தடவை பாத்துட்டு வாங்கக்கா.”

போய்ப் பார்த்தாள். ஒன்றிலும் முள் இல்லை. நாற்பதும் தேய்ந்து, உருண்டு, கூழாங்கல் போல மழமழவென்று இருந்தன.

இரண்டு நாள் ஹசீனாவின் அறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனாள்.

“ஒண்ணுலயும் முள் இல்ல மேடம். எங்கேயோ கிடந்ததைப் புயல் அலை அள்ளிட்டு வந்து போட்டிருக்கு.”

“ஆமாக்கா.”

“எழுதினதைத் திரும்ப வாங்கிக்கறேன்.”

“சரி.”

மரியதங்கம் எழுந்திருக்கவில்லை.

“அப்போ அந்த இடம் பழையபடி ஆகவே இல்லையா?”

ஹசீனா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“மாத்தி எழுதிட்டு வாங்க, பேசுவோம்” என்றார்.

அன்று வீட்டுக் கதவைத் திறந்தவள், விளக்குப் போடத் தோன்றாமல் செருப்போடு நின்றாள். பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதினாள். நான்கு வரி எழுதுவதற்குள் ஒன்பது தாள்களைக் கிழித்தாள்.

மறுநாள் ஹசீனா அதை வாசித்தார். கடைசி வரி இப்படி இருந்தது: ‘பவளத்திட்டு அழிந்தபின் அவ்விடத்தில் எதுவும் இல்லை.’

அவர் எழுந்து மரியதங்கத்தின் மேசைக்கு நடந்தார். கருஞ்சேற்று அடுக்கின் ஓடுகள் இருந்த தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தார்.

“பாருங்க.”

மரியதங்கம் குனிந்து பார்த்தாள். கண்ணாடி போல மெல்லிய சுருள் ஓடுகள். ஒவ்வொன்றும் அறை அறையாகத் தன்னைக் கட்டிக்கொண்டு வளர்ந்தது.

“இதுவும் அலை கொண்டுவந்து போட்டதா?” என்று ஹசீனா கேட்டார்.

“இல்ல மேடம். உருண்டு வந்திருந்தா உடைஞ்சிருக்கும். கடைசியாக் கட்டின அறை வெங்காயத் தோலைவிட மெல்லிசு, அதுகூட அப்படியே இருக்கு. இதெல்லாம் அந்தச் சேத்துலயே வாழ்ந்தது.”

“எத்தனை இருக்கு?”

“முந்நூறு. இன்னும் நிறைய இருந்துச்சு. முந்நூறு போதும்னு நிறுத்திட்டேன்.”

“யார் பொறுக்கினது?”

“நான்தான்.”

ஹசீனா தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அப்போ, ‘எதுவும் இல்லை’ன்னு யாரைப் பத்தி எழுதினீங்கக்கா?”