கண்ணீரும் ஒற்றை நட்சத்திரமும்

நவநீதன் என்று ஒருவன் இருந்தான். அவன் முகத்தில் கண்ணும் வாயும் மேல்வீடும் கீழ்வீடுமாகக் குடியிருந்தன. புதுப்படம் வந்தால் நவநீதன் முதல் காட்சிக்கே போய்விடுவான். பார்த்துவிட்டு, தியேட்டர் வாசலிலேயே செல்போனை நீட்டிப் பிடித்து நல்லது கெட்டது சொல்லி, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மார்க்கும் போடுவான். அதை நம்பிப் படத்துக்குப் போனவர்கள் உண்டு. போகாமல் இருந்துவிட்டவர்கள் அதைவிட அதிகம்.

பார்ப்பது கண்ணின் வேலை. சொல்வது வாயின் வேலை. பேரும் புகழும் வாய்க்குத்தான். கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சின்னப் படம் ஒன்று வந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று சொல்லி ஒரு பெண்ணின் வீட்டை இடிக்கிறார்கள். கடைசியில் சுவரெல்லாம் போய், வாசல் நிலையும் கதவும் மட்டும் நிற்கின்றன. அவள் அந்தக் கதவை இழுத்துச் சாத்துகிறாள். பூட்டுகிறாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து போகிறாள்.

கண்ணால் தாங்க முடியவில்லை. பொலபொலவென்று கொட்டிவிட்டது.

கீழ்வீட்டில் வாய் பாப்கார்ன் மென்றுகொண்டிருந்தது. "என்ன இது, உப்புக் கரிக்குது?" என்றது.

"சும்மா இரு. வெளியே போனதும் ஒழுங்காச் சொல்லு. இப்படி ஒரு படம் பார்த்து எத்தனை நாளாச்சுன்னு சொல்லு."

"அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றது வாய்.

வாசலில் நவநீதனின் கூட்டாளிகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். "செம மொக்கைல்ல?" என்றான் ஒருவன். அது போதும் வாய்க்கு. செல்போன் எதிரே வந்ததும் எடுத்துவிட்டது.

"மக்களே, சத்தியமா முடியல! இடிஞ்ச வீட்டுக்குப் பூட்டுப் போடுறாங்களாம். முதல்ல டைரக்டரைப் பிடிச்சு உள்ளே போட்டுப் பூட்டணும். அந்த அம்மாவுக்கு நடிப்புன்னா என்னன்னே தெரியல. அஞ்சுக்கு ஒண்ணு. அதுவும் பாப்கார்னுக்கு!"

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கோபத்தில் கண் சிவந்தது. "அடப்பாவி! அழுதது நான். பேச நீ யாரு? எந்தக் காட்சியைப் பார்த்தே நீ?"

"நல்லாருக்குன்னா எவன் கேட்பான்? திட்டினாத்தான் கூட்டம் சேரும். பார்த்தாச்சுல்ல, உன் வேலை முடிஞ்சுது. போய்க்கிட்டே இரு" என்று வாய் முணுமுணுத்தது.

அப்போதுதான் கண் அவளைக் கவனித்தது. கதவைப் பூட்டிய அதே பெண், போஸ்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். செண்பகவல்லி என்று பெயர். அவளுக்கு அதுதான் முதல் படம். சனங்களோடு சனமாக உட்கார்ந்து பார்க்க வந்திருந்தாள். வாய் சொன்ன அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது.

அவள் நேராக நவநீதனிடம் வந்தாள்.

"தம்பி, உங்களுக்குப் பின்சீட்டுலதான் உட்கார்ந்திருந்தேன். நான் கதவைப் பூட்டுறப்போ சட்டைக் கையால முகத்தைத் துடைச்சீங்க. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, அது உங்க இஷ்டம். ஆனா அழுதீங்களே தம்பி?"

அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை. கண்ணுக்கு இருந்த அதே கோபம்தான் இருந்தது.

"சளிம்மா" என்றது வாய்.

பொய், பொய் என்று கத்த வேண்டும் போலிருந்தது கண்ணுக்கு. எப்படிக் கத்தும்? உள்ளே மிச்சமிருந்த நீரையெல்லாம் திரட்டிக் கொட்டியது. கன்னம் நனைந்து தாடை வரை வழிந்தது. செல்போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே பார்க்கட்டும், இனி இந்த வாய் எங்கே போய் ஒளியும் என்று நினைத்தது கண்.

செண்பகவல்லியும் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது.

வாய் செல்போன் பக்கம் திரும்பியது.

"பாருங்க மக்களே, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு! அவ்வளவு கொடுமையான படம்!"

செண்பகவல்லி படியிறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். கண் மட்டும் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமைக்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். நவநீதன் அழுத வீடியோ மட்டும் ஊரெல்லாம் ஓடியது.

இனி இவனுக்காக ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்று கண் முடிவு செய்தது. வறண்டு உறுத்தியதும் நவநீதன் டாக்டரிடம் ஓடினான். அவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய நடிகரின் படம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை கண் இறுக மூடியே கிடந்தது. வெளியே வந்ததும் நவநீதன் தூண் மறைவுக்குப் போய், அண்ணாந்து, சொட்டு மருந்தை விட்டுக்கொண்டான். அது கன்னத்தில் வழிய வழியச் செல்போனை நீட்டினான்.

"அழவச்சுட்டாங்க மக்களே!" என்றது வாய். "அஞ்சுக்கு அஞ்சு!"