காலிக்குழியும் மூவாயிரத்து நாற்பத்திரண்டு பேரும்

வெகுகாலத்துக்கு முன்னால் கருங்குன்ற நாட்டை இடும்பராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அவன் நாட்டுக்குள் நுழைய ஒரே வழி, இரண்டு மலைக்கு நடுவில் இருந்த கணவாய். அதற்குக் காவல் வெள்ளச்சி.

உண்மையில் காவல்காரன் அவள் புருஷன். பாம்பு தீண்டி அவன் போய்ப் பன்னிரண்டு வருஷமாயிற்று. வேறு ஆள் போட அரண்மனை மறந்துவிட்டது. போக இடமில்லாமல் அவளும் அங்கேயே இருந்துவிட்டாள். வழிப்போக்கர்கள் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், நடையைக் கட்டுவார்கள். சில நாள் வாயே திறக்காமல் பொழுது போய்விடும். அதனால் வருகிறவர்களை எண்ண ஆரம்பித்தாள். எண்ணினால், அத்தனை பேரும் தன்னைப் பார்க்க வந்துபோன மாதிரி ஒரு நினைப்பு.

அந்த வருஷம் ராஜாவின் பிறந்தநாள் விழாவுக்கு அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து கூட்டம் வந்தது.

"எத்தனை பேர் வந்தார்கள்?" என்று சபையில் கேட்டான் ராஜா.

"லட்சம் பேர், மகாராஜா!" என்றார் பெருங்கணக்கர் திருமேனி. எண்ணுவதுதான் அவர் வேலை. எண்ணத்தான் இல்லை.

வாசலில் நின்ற வீரன் ஒருவன், "கணவாய்க்காரம்மா மூவாயிரத்துச் சொச்சம் என்று சொன்னாளே" என்று உளறிவிட்டான்.

திருமேனிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "எழுதப் படிக்கத் தெரியாதவள்! ஏதோ குழியையும் கையளவு கல்லையும் வைத்துக்கொண்டு உலகத்தை எண்ணுகிறாளாம்!"

லட்சம் மூவாயிரமானதில் ராஜாவுக்கும் கோபம். மறுநாள் காலையிலேயே பரிவாரத்தோடு கணவாய்க்குப் போய்விட்டான்.

இத்தனை பேர் தன் குடிசை முன்னால் வந்து நின்றதை வெள்ளச்சி பார்த்ததே இல்லை.

"எப்படி எண்ணினாய், பெண்ணே?"

"ஒரு ஆளுக்கு ஒரு கல், சாமி. வலதுகைப் பக்கக் குழியில் போடுவேன். பத்து சேர்ந்தால் அத்தனையும் எடுத்துவிட்டு, அடுத்த குழியில் ஒரே ஒரு கல். அங்கே பத்தானால் அதற்கடுத்த குழியில் ஒன்று. இப்படி நாலு குழி. மொத்தம் மூவாயிரத்து நாற்பத்திரண்டு பேர்."

சொல்லிவிட்டு ராஜாவின் காலில் விழுந்தாள். அந்த நேரம் பார்த்துத் திருமேனி குழிகளை எட்டிப் பார்த்தார். மூன்று கல், ஒன்றுமில்லை, நாலு கல், இரண்டு கல். அந்தக் காலிக்குழியில் காலாலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்.

"மகாராஜா, இங்கே மூன்றே குழி! மூன்று, நாலு, இரண்டு. இவள் சொன்ன முறைப்படியே முந்நூற்று நாற்பத்திரண்டுதான்!"

"என் விழாவுக்கு முந்நூறு பேரா? பொய்க்காரி! இன்றைக்கே இந்த இடத்தைக் காலி செய்!"

வெள்ளச்சியின் புருஷனைப் புதைத்த இடம் குடிசைக்குப் பின்னால்தான் இருந்தது. எழுந்து குழிகளைப் பார்த்தாள். ஈர மண் புதிதாய்க் கிடந்தது. திருமேனியின் செருப்பிலும் அதே மண். அவரைக் காட்டிக்கொடுக்காமல் ராஜா பக்கம் திரும்பினாள்.

"சாமி, ஒன்று கேட்கலாமா? நீங்கள் வேட்டைக்குப் போனால் சிங்காதனத்தில் யார் உட்காருவார்கள்?"

"யாரும் உட்காரமாட்டார்கள். காலியாய்த்தான் இருக்கும்."

"காலியாய்த்தானே இருக்கிறது என்று அதைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, பக்கத்து ஆசனத்துக்காரர் அந்த இடத்துக்கு நகர்ந்து வந்தால்?"

"தலை போகும்!"

"ஏன் சாமி? அதில்தான் ஒன்றுமில்லையே?"

"ஒன்றுமில்லாவிட்டால் என்ன? அது என் இடம்!"

"இதுவும் அப்படித்தான். இது நூறுகளுக்கான இடம். தனியாய் நூறு ஒன்றும் மிஞ்சாததால் காலி. அதை மூடினால் ஆயிரத்தின் கல் நூறுக்கு இறங்கிவிடும். மூவாயிரம் பேர் முந்நூறு பேராகிவிடுவார்கள்."

ராஜா மண்ணையும் பார்த்தான், திருமேனியின் செருப்பையும் பார்த்தான். கூட வந்திருந்த சமையல் தலைவனைக் கூப்பிட்டான்.

"வந்தவர்களுக்குத் தலைக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தோமே, மிச்சம் எவ்வளவு?"

"நாலாயிரம் வைத்திருந்தோம். தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு மிச்சம், மகாராஜா."

கழித்துப் பார்த்தார்கள். மூவாயிரத்து நாற்பத்திரண்டு. திருமேனி தலையைத் தொங்கப்போட்டார்.

"இனி நீதான் பெருங்கணக்கர். இவனை என்ன செய்யலாம், நீயே சொல்!" என்றான் ராஜா வெள்ளச்சியிடம்.

வெள்ளச்சி கைகூப்பினாள். "பட்டம் வேண்டாம், சாமி. இவரை ஒரு வருஷம் இங்கே என்கூட எண்ண விடுங்கள். எதிர்ப்பக்கத்துச் சாவடியில் இருக்கட்டும். எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை."

சிரிக்க வாயெடுத்த ராஜா, ஏனோ சிரிக்காமல் தலையாட்டினான். குடிசைக்குப் புதுக்கூரையும் வருஷத்துக்கு வேண்டிய நெல்லும் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

ஏழு நாள் திருமேனி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள், கல்லைப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

"உன் பேர் என்னம்மா?"

பன்னிரண்டு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு, "வெள்ளச்சி" என்றாள்.