வேலி தாண்டிய நரி

கோடை கழியும் சமயம். விடியற்காலையில் ஜமீன்தார் விருந்தாளிகளோடு, வேட்டைநாய்களை ஏவி ஒரு நரியைத் துரத்தினார். அது அங்கம்மாளின் சோளக்கொல்லைக்குள் புகுந்தது. நாய்கள் நுழைந்தால் கதிர் ஒன்றுகூட மிஞ்சாது. அங்கம்மாள் ஓடிவந்து படலைச் சாத்தினாள்.

“வழி விடு! அது என் நரி!” என்று அதட்டினார் ஜமீன்தார்.

“என் ஆடு உங்க தோப்புக்குள்ள வந்தப்ப, ‘உள்ளே வந்தது எனக்கு’ன்னு கட்டிப்போட்டீங்களே சாமி. அப்படின்னா நரி எனக்குத்தானே?”

விருந்தாளிகள் குலுங்கிச் சிரித்தார்கள். மானம் போகிறதே என்று ஜமீன்தார் ஆட்டை வரவழைத்துக் கொடுத்தார்.

“இப்போ நரியை விடு.”

அங்கம்மாள் ஆட்டை அணைத்துக்கொண்டு சொன்னாள்:

“அது அப்பவே பின்வேலி தாண்டி உங்க தோப்புக்குள்ள போயிடுச்சு சாமி. இனி அது உங்களுதுதான். தாராளமா நாய்களை விடுங்க!”