கோரனைக் கும்பிட்ட சூரியன்

ஒரு காட்டில் கோரன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தது. அதற்கு உடம்பு பெரிது. கோரைப்பல் பெரிது. தன்னைப் பற்றி அது வைத்திருந்த எண்ணம் எல்லாவற்றையும் விடப் பெரிது.

காட்டின் மேற்கு ஓரத்தில் இரண்டு நெட்டைப் பாறைகள் வாசற்கால்கள் போல நின்றன. ஆனி மாதத்து மாலை ஒன்றில், கிழங்கு தோண்டிக் களைத்த கோரன் ஒரு மேட்டில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தியது. சிவந்த சூரியன் இரு பாறைகளுக்கும் சரியாக நடுவே, அதன் முகத்துக்கு நேரே, தாழ்ந்து தாழ்ந்து மறைந்தது.

கோரன் யோசித்தது. பழக்கமில்லாத வேலைதான், ஆனாலும் ஒரு முடிவு கிடைத்தது.

"சூரியன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போகிறது!"

பக்கத்தில் புல் தின்றுகொண்டிருந்த முயல், "எல்லோர் முன்னாலும்தானே மறைகிறது?" என்றது.

"உனக்கு நேரே, நடுவாசலில் இறங்கியதா?"

"இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பாறைக்குப் பின்னால் போயிற்று."

"உன்னைக் கண்டால் ஒளிந்துகொள்கிறது. என்னைக் கண்டால் குனிகிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?"

முயலுக்குப் புல் இருந்தது. அது மறுபடி மேயப் போயிற்று.

அன்று முதல் அந்த மேடு அரியணை ஆயிற்று. மாலையில் அந்தப் பக்கம் வந்தவர்களையெல்லாம் கோரன் முட்டித் துரத்தியது.

ஆடி பிறந்தது. ஆண்டுதோறும் செய்வதுபோலவே சூரியன் தெற்கே நகரத் தொடங்கியது. ஒரு மாலை அது தெற்குப் பாறையில் உரசிக்கொண்டு இறங்கியது. கோரன் சட்டென்று எழுந்து வடக்கே தள்ளி உட்கார்ந்தது. சூரியன் நடுவுக்கு வந்துவிட்டது.

'நல்லவேளை! சூரியன் மீது தவறில்லை. மேடுதான் சரியில்லை' என்று கோரன் மூச்சு விட்டது.

பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார வேண்டியிருந்தது. ஒரு நாள் அது உட்காரப் போன இடத்தில் கௌதாரி ஒன்று குஞ்சுகளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"ஐயா, குஞ்சுகள் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி உட்காரக் கூடாதா?"

"தள்ளி உட்கார்ந்தால் சூரியன் கோணலாகக் கும்பிடும். எழுந்து போ!"

கௌதாரி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முட்புதருக்கு நடந்தது. நடந்தபடியே, "நேற்று அங்கே இருந்தீர்கள், இன்று இங்கே வந்திருக்கிறீர்கள். யார் யாருக்குப் பணிகிறார்கள் ஐயா?" என்று கேட்டது.

அந்தக் கேள்வி கோரனின் காதில் விழுந்தது. அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

ஆவணியில் கோரன் மடுவின் கரைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு வடக்கே தண்ணீர்தான். அன்று சூரியன் பாதி பாறைக்குப் பின்னாலும் பாதி வெளியிலுமாக இறங்கியது. நாளை மொத்தமாக மறைந்துவிட்டால் காட்டில் எப்படித் தலை காட்டுவது? கோரனுக்கு அன்றிரவு கிழங்கு இறங்கவில்லை.

மறுநாள் மாலை, கோரைப்புல் நடுவே கிடந்த முதலை வாயைத் திறந்தது.

"மகாராஜாவுக்கு என்ன முகவாட்டம்?"

"சூரியன் நேற்று அரைக் கும்பிடுதான் போட்டது."

"கரையிலிருந்து பார்த்தால் அப்படித்தான். நான் கிடக்கும் இடத்தில் முழுக் கும்பிடு விழுகிறது. எனக்கு எதற்கு அந்த மரியாதை? கூச்சமாக இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொண்டால் நிம்மதி."

"தண்ணீர் ஆழமோ?"

"மகாராஜாவுக்கு முழங்கால் அளவு."

கோரன் இறங்கியது. தண்ணீர் முழங்காலைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, கழுத்துக்கு வந்தது. அது மோவாயை உயர்த்திக்கொண்டு பாறைகளையே பார்த்தபடி நகர்ந்தது.

"இன்னும் சற்று வடக்கே, மகாராஜா."

சூரியன் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது. இரு பாறைகளுக்கும் இடையே, இம்மி பிசகாமல், செக்கச் செவேலென்று தாழ்ந்தது. கோரனின் கண்கள் கலங்கிவிட்டன.

"பார்த்தாயா? எவ்வளவு பணிவு, பார்த்தாயா?" என்று அது கேட்டது.

முதலை பதில் சொல்லவில்லை. அதன் வாய் நிறைந்திருந்தது.

நீதி: கும்பிடுக்கு ஏங்குபவன் காலடியைப் பார்ப்பதில்லை.