ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தட்டு

குழந்தைவேலு ஓடி வந்தார். அறுபத்திரண்டு வயதில் தன்னால் அப்படி ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது.

மலையடிவாரத்துப் பாக்குத் தோப்புக்குள் இருந்த ஆசிரமத்தில் மரகதம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயதுதான். ஆனாலும் குழந்தைவேலுவுக்கு அவர்தான் குரு.

“அம்மா, கெடச்சிருச்சுங்க! வெளிநாட்டு ஆர்டருங்க!”

“மூச்சு வாங்கிக்குங்க ஐயா.”

“மூச்செல்லாம் அப்புறம் வாங்கிக்கலாமுங்க. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தட்டு! கப்பல் கப்பலாப் போகுமுங்க. உலகம் பூராவும் பிளாஸ்டிக் தட்டு ஒழிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க!”

அவர் இருபது வருஷம் பிளாஸ்டிக் தட்டு மொத்த வியாபாரம் செய்தவர். ஒரு நாள் அவருடைய பசு வயிறு ஊதிச் செத்தது. அறுத்துப் பார்த்த மாட்டு டாக்டர் உள்ளேயிருந்து கூடை நிறைய பிளாஸ்டிக்கை அள்ளிப் போட்டார். மறுநாளே கடையை மூடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். உதிர்ந்து கிடக்கும் பாக்கு மட்டையைக் கழுவி, சூடான அச்சில் அழுத்தித் தட்டாக்கும் சின்னப் பட்டறை ஒன்றையும் போட்டார். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

“நம்ம தோப்புல விழற மட்டைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தட்டு வருது?” என்று கேட்டார் மரகதம்மாள்.

“நல்லாக் காத்தடிச்சா நானூறு வருமுங்க.”

“மிச்சத்துக்கு?”

“அதையும் யோசிச்சுட்டனுங்க!” குழந்தைவேலு உட்காரவே இல்லை. “மட்டை தானா விழற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்? ஆளுங்களை மரமேத்தி உரிச்சு எறக்கிட்டாப் போச்சு. அக்கம்பக்கத்துத் தோப்புக்காரங்களும் சரின்னுட்டாங்க. இப்ப போன் வருமுங்க. உங்க வாக்கு ஒண்ணுதான் பாக்கி. ஒத்துக்கட்டுங்களா?”

“அதுக்கு முன்னால ஒரே ஒரு மட்டையை உரிச்சுட்டு வாங்க. நீங்களே.”

“இதோ!”

தோப்பின் ஓரத்தில் ஒரு குட்டை மரம். கை நீட்டினால் மட்டை எட்டும். குழந்தைவேலு பச்சை மட்டையின் விளிம்பில் விரலைக் கொடுத்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி, மொத்த பலத்தோடு இழுத்தார். சரக்கென்று கிழிந்து வந்தது.

மட்டைக்கும் தண்டுக்கும் நடுவே, பால் நிறத்தில், இன்னும் விரியாத பூம்பாளை. அவர் இழுத்த இழுப்பில் அது பாதியாகப் பிளந்திருந்தது. அரிசி அரிசியாக மொக்குகள் அவர் விரலில் ஒட்டிக்கொண்டன.

மட்டையை இருந்த இடத்திலேயே வைத்து அழுத்திப் பார்த்தார். நிற்கவில்லை.

திரும்பி வரும்போது அவர் ஓடவில்லை.

“உள்ள பூ இருந்துதுங்க.”

“ம்.”

“அது வெளிய வர்ற நேரம் பாத்துத்தான் மரமே மட்டையைக் கீழ தள்ளுதுங்க. ஒம்பது வருஷமா மட்டை பொறுக்கறேன். ஒரு நாளும் மேல நிமிந்து பாக்கலை.”

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். “நானூறுக்கு மேல முடியாதுங்க” என்றார். மறுபக்கம் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“அப்படின்னா பிளாஸ்டிக்கே வாங்கிக்கறாங்களாமுங்க. நானூறை வெச்சு உலகத்துக்கே எப்படிங்கம்மா பந்தி போடறது?”

“உலகத்துக்கே இருக்கறது இந்த ஒரு தோப்புதானுங்களா?”

குழந்தைவேலுவின் கண் பெரிதானது.

“அச்சு! அச்சைக் குடுத்தரலாமுங்க! வேலையையும் கத்துக் குடுத்தர்றேன். அவங்கவங்க ஊர்லயே செஞ்சுக்கட்டும். கப்பலே வேண்டாமே!”

போனில் அதையே கத்தினார். மூன்று தரம் சொன்னார். பதிலைக் கேட்டார். குரல் இறங்கியது.

“அங்க பாக்கு மரமே கெடையாதாமுங்க.”

மரகதம்மாள் கீரைக் கட்டிலிருந்து தலை நிமிர்ந்தார்.

“ஏனுங்க ஐயா, அந்த ஊர்ல எதுவுமே உதிர்றதில்லைங்களா?”