மூன்றாவது கிளிப்புக்குப் பிறகு

மயிலாத்தாளிடம் சிஷ்யனாக வந்து சேர்ந்தவன் அவளைவிட ஏழு வயது மூத்தவன். பெயர் நாச்சிமுத்து. இருபத்தாறு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பியிருந்தான். போன வருஷம் ஒரு மில் முதலாளியின் ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினான். அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி. நீள மூக்கு, எட்டு சிலிண்டர், மிதித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம்.

மயிலாத்தாளுக்குச் சிங்காநல்லூரில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. "வயரிங்கை நீங்களே பண்ணுங்கண்ணா. நான் பாத்துக்கிட்டிருக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். சில நாள் அதுவும் சொல்ல மாட்டாள்.

அன்று பேட்டரி கேபிள் மூன்றாவது தடவையாக அறுந்தது. வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான். அடியில் பட்டென்று பொறி பறந்தது. ஓடிப்போய்ப் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தான். வண்டியைக் கிளப்புவதற்காக இஞ்சினோடு பொருத்தியிருக்கும் செல்ஃப் மோட்டாரில் மாட்டியிருந்த முனை பிய்ந்து தொங்கியது.

"இன்னும் தடியான கேபிள் வாங்கணும், வாத்தியாரம்மா."

"போன வாரமும் அதைத்தானுங்க சொன்னீங்க."

"அவ வர்றதுக்கு ஒம்பது நாள்தான் இருக்கு."

அவள் என்றால் தேன்மொழி, அவன் மகள். மிச்சிகனில் பழைய கார்களைப் புதுக்கிக் கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. பத்து வயசில், அப்பன் காரை நோண்டும்போது டார்ச் பிடித்தவள். அவன் ஊர் திரும்பி நாலு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு தடவைகூட அவள் வரவில்லை. இந்த வண்டியின் ஃபோட்டோவை அனுப்பிய பிறகுதான், "தொழிற்சாலையில் இருந்து வந்தப்போ எப்படி இருந்ததோ, அப்படியே வையுங்கப்பா. வந்து பாக்கறேன்" என்றாள். கேபிள் போகிற வழி வரைந்த பழைய படம் ஒன்றையும் அனுப்பி வைத்தாள். அந்தப் படத்தை அவன் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தான். அந்த 'வந்து பாக்கறே'னை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"பத்து நாள் இருப்பா" என்றான். "திங்கக்கிழமை ஒரு கம்பெனில ஆளைப் பாக்கறோம். அவளுக்கு வேலை பேசி வச்சுட்டேன். செவ்வாய்க்கிழமை காளப்பட்டில ஒரு வீடு பாக்கறோம். புதன்கிழமை ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க."

"புள்ளைக்குத் தெரியுமுங்களா?"

"வந்தா சொல்லிக்கலாம். இனி அவளைத் திரும்பிப் போக விடறதா இல்லை."

மயிலாத்தாள் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கிளிப்புகளை எண்ணினாள். "இதேனுங்க, நாலாவது?"

"அதுதான் உங்களைக் கேக்கணும்னு இருந்தேன்" என்று படத்தை நீட்டினான். "படம் போட்டவன் வண்டி உடம்புல மூணு கிளிப் காட்டியிருக்கான். மூணாவதுக்கு அப்புறம் செல்ஃப் மோட்டார் வரைக்கும் ஒரு சாண், சும்மா விட்டிருக்கான். பிடிப்பே இல்லை. மத்த இடமெல்லாம் அத்தனை ஒழுங்கு. அந்த ஒரு சாணை மட்டும் மறந்துட்டானா?"

"அதனால?"

"கேபிள் தொளதொளன்னு தொங்குச்சு. பாக்க நல்லா இல்லை. ஆறு இஞ்ச் வெட்டிட்டு, இழுத்து, இஞ்சின்ல ஒரு கிளிப் அடிச்சேன்."

"நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க. இழுத்த இழுப்புல வீணைக் கம்பி கெட்டது போங்க."

அவள் கடைக்குள் போய் நீளமான பழைய கேபிள் ஒன்றை எடுத்து வந்தாள். பிய்ந்ததைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். மூன்று கிளிப்போடு நிறுத்திக்கொண்டாள். மிச்சம் தொங்கியது.

"இப்படி வந்து நில்லுங்க. இடது கையை மட்காடு மேல வையுங்க. வலது கையை இஞ்சின் மேல. ஃபேன் பக்கம் போயிராதீங்க, அப்பறம் புள்ளைய எந்தக் கையால கூப்பிடுவீங்க?"

அவன் வைத்தான். அவள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமி எழுந்தது. அவள் மிதித்தாள். வலது கைக்குக் கீழே இஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்ந்தது. கையைத் தோளோடு தூக்கிவிட்டது. இன்னொரு மிதி. மறுபடி தூக்கியது. இடது கை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

அணைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"ரெண்டு கைக்கும் ஒரே ஆட்டமுங்களா?"

"இல்லை. இது நிக்குது. அது ஆடுது."

"பேட்டரி எதுல இருக்குதுங்க?"

"நிக்கறதுல."

"செல்ஃப் மோட்டாரு?"

அவன் கண் வலது கைக்குப் போனது. படத்தை எடுத்து மறுபடி பார்த்தான். கோடு மூன்றாவது கிளிப்பைத் தாண்டி நேராக, சுத்தமாகப் போனது.

"படத்துல அந்தத் தொய்வு தெரியலையே."

"படத்துல இஞ்சின் ஓடுதுங்களா?"

நாச்சிமுத்து நாலாவது கிளிப்பைக் கழற்றினான். இஞ்சினில் அது இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு வடு. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"கேபிளுக்குத் தொய்வு சரி, மயிலாத்தா" என்றான். வாத்தியாரம்மா என்று சொல்ல வரவில்லை. "பத்து நாள் கழிச்சு அவ போயிட்டான்னா?"

அவள் பழந்துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பையன் திருப்பூர்லதானே இருக்கான்?" என்று கேட்டான்.

"ஆமாங்க. பனியன் கம்பெனில."

"ஞாயித்துக்கிழமையானா வந்துருவானா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை வருவானுங்க."

"வராத ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்கும் அவனுக்குன்னு ஒரு டம்ளர் அரிசி சேத்தித்தானுங்கண்ணா போடுவேன்."